பங்களா என்று நினைத்துச் செய்த பெட்டி

மஸ்கெலியாவில் பார்த்த கடை வேலை நின்றுபோன பிறகு, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் தங்கச்சிக்கு அங்கே கொடுத்திருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் கொஞ்ச நாள் தங்கியிருந்தேன். அவள் புருஷன் அப்போதுதான் கொழும்புக்குச் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போயிருந்தார். மகள் அழுவாளே என்று, அந்திக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தாயின் சேலையை விடவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் வாசலில் தினமும் மல்லுக்கட்டுதான். அவளை ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுத் தங்கச்சி ஓடுவதற்குள் காலையில் பேர் பதியும் பெரட்டில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பி முடித்திருப்பார்கள். இனியும் பிந்தினால் பேரை வெட்டிவிடுவதாகக் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லியிருந்தார். பேர் போனால் காம்பராவும் போய்விடும்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க எத்தன நாளைக்கிண்ணே இருப்பீங்க?" என்றாள் தங்கச்சி. நான் ஒரு இடத்தில் நிற்கிற ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பிள்ளைக்காம்பராவில் வைத்து விளையாட ஏதாவது இருந்தால் அழமாட்டாள் என்று தோன்றியது. மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடைந்த தேயிலைப் பெட்டியை அறுத்து வீடு ஒன்று செய்தேன். உடப்புசல்லாவையில் ஒரு துரை பங்களாவில் குசினி வேலை பார்த்தவன் நான். வீடு என்றால் எனக்கு அதுதான். பால் டின்னை வெட்டிப் புகைக்கூடுகூட வைத்தேன்.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். புகைக்கூட்டைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

"பிள்ளைக்காம்பராவுல இது இல்ல மாமா."

விறகுக்கு வைத்திருந்த தேயிலை மிலாறுக் குச்சிகளில் சிலவற்றைத் துணியில் சுற்றி உள்ளே படுக்கவைத்தாள். அந்திக்கு வந்துவிடுவதாக அவற்றிடம் சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெகு நேரமாகியும் திரும்பவில்லை.

பிள்ளைகள் தேடாதா என்று கேட்டேன்.

"தேடும். அவங்க அம்மா கொழும்புக்குப் போயிருச்சு."

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த தங்கச்சி மாவுக் கையோடு எழுந்து வந்தாள்.

"அம்மா எங்கயும் போகல. மலையிலதான் நிக்குது. கொழுந்த தராசுல நிறுத்துட்டு நேரா வந்துரும்."

"அப்பா?"

"அப்பா இப்ப வரமாட்டாரு. தீவாளிக்குத்தான். நீ அழுவேன்னு பொய் சொல்லிட்டாரு."

பிள்ளை ஓவென்று அழுதாள். தங்கச்சி அவளை மடியில் போட்டுக்கொண்டாளே தவிர அடக்கவில்லை. அழுது ஓய்ந்ததும் பிள்ளை எழுந்து போய்க் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டாள். கொழுந்து நிறுத்தாயிற்று என்று அவற்றிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் பெட்டியைப் பிள்ளைக்காம்பராவுக்கு நான் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் அழுகை வரத்தான் செய்தது. ஆனாலும் சேலையை விட்டுவிட்டாள். தங்கச்சி பெரட்டுக்கு நேரத்தோடு போய் நின்றாள்.

கொஞ்ச நாளில் ஹட்டனில் எனக்கு லொறி வேலை கிடைத்தது. துணிப்பையோடு பிள்ளைக்காம்பராவுக்குப் போய், மாமா போகிறேன், அந்திக்கு வரமாட்டேன் என்று சொன்னேன்.

"தீவாளிக்கா?"

தெரியாது என்றேன்.

அவள் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கதவச் சாத்திட்டுப் போங்க மாமா. பிள்ளைங்களுக்குக் குளிருது."