கனடாப் போர்ட்டும் ஜன்னல் மூலையும்

பாட்டில் அடித்தொனி, அதாவது நல்ல பேஸ், வேண்டுமென்றால் அதற்கான ஸ்பீக்கர் பெட்டியை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு ஹோலில் உருப்படியான மூலை ஒன்றுதான் உண்டு, ஜன்னலோரம். அதில் மனைவியின் தையல் மெசின் இருந்தது. வீட்டில் வெளிச்சம் விழுகிற ஒரே இடம் அது என்பது அவருடைய கட்சி. ஓய்வு பெற்ற கையோடு சொந்தமாக ஒரு வீட்டுத் தியேட்டர் செய்தே தீருவது என்பது என்னுடைய கட்சி.

ஐந்து ஸ்பீக்கரும் பேஸ் பெட்டியும் முடிந்துவிட்டன. மிச்சம், அவற்றைப் பாட வைக்கும் அம்பிளிபயர் போர்ட்டுகள். உள்ளங்கை அகலப் பச்சைத் தகடுகள்தான், ஆனால் எதை எடுப்பது என்று எனக்கு நித்திரை போய்விட்டது. மூன்று வகை கைவசம் இருந்தன. ஒன்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது. மற்றது, ஊரில் ரேடியோ திருத்துபவர் பழைய செற்றுகளிலிருந்து கழற்றித் தந்தது. மூன்றாவது, கனடாவிலிருந்து மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அனுப்பியது. வெளிநாட்டுச் சம்பந்தம் என்றால் சாதகத்தைத் திறக்காமலே பொருத்தம் சொல்கிற ஊர் எங்களுடையது. நானும் அது வந்த பெட்டியை உடைக்க முன்னரே முடிவு கட்டிவிட்டேன்.

"கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் கனடாப் போர்ட்டைச் சொல்லிப்போடுவன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப மூடிக்கொண்டு சொல்லுங்கோவன்" என்றார் மனைவி. "சரியாச் சொன்னால் மெசினைப் பின்னறைக்குக் கொண்டுபோறன். பிழைச்சால் அந்த மூலைக் கதையை இனி எடுக்கக்கூடாது."

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் ஓடினால் எங்கள் லைற் மங்கும், அம்பிளிபயரும் முனகும். அதனால் மோட்டர் நின்ற ஒரு மத்தியானமாகப் பார்த்து, துவாயால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மெசின் மோட்டரையே கழற்றிப் பூட்டுகிற மனைவிக்கு நாலு வயர் மாற்றுவது பெரிய வேலையல்ல.

"நீர் விரும்பின மாதிரி மாத்திப் போடும்" என்றேன்.

பரிசோதனைக்கு ஒரு நாதஸ்வரக் கச்சேரி. முதல் தடவை தவில் தண்ணீர் வாளியில் தட்டுவதுபோல் இருந்தது. "இது கடைச் சாமான்" என்றேன். பின்னால் வெகுநேரம் சத்தமில்லை. பிறகு திருகாணி திருகுகிற சத்தம். இரண்டாவது பரவாயில்லை. "இது திருத்துறவர் தந்தது. உயிர் இருக்கு, நாகரிகம் இல்லை." மறுபடி நீண்ட அமைதி. மூன்றாவது தொடங்கியதும் எனக்கு மெய் சிலிர்த்தது. தவில்காரரின் விரற்கூடு தோலில் படுவது தனித்தனியாகக் கேட்டது.

"உதுதான் கனடா" என்று துவாயை அவிழ்த்தேன்.

மனைவி மடியில் ஒரு பிளவுஸ் கிடந்தது. அதற்குக் கொக்கி வைத்து முடித்திருந்தார்.

"நான் ஒண்டையும் மாத்தேல்லை. திருத்துறவர் தந்ததைப் பூட்டினன், மூண்டு தரமும் அதுதான் பாடினது."

"அப்ப அந்தத் திருகாணிச் சத்தம்?"

"அது மேசைக்கால். கன நாளா ஆடிக்கொண்டிருந்தது."

வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது, ஆனால் அதை யார்மீது காட்டுவது? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, திருத்துபவரின் போர்ட்டுகளையே எல்லா ஸ்பீக்கருக்கும் பூட்டினேன். பேஸ் பெட்டி சோபாவுக்குப் பின்னால் போனது. மெசின் நின்ற இடத்திலேயே நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீடியோ கோல் எடுத்தான்.

"அத்தான், நான் அனுப்பின போர்ட் எப்பிடி? ஒருக்காப் போடுங்கோ பாப்பம்."

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். மனைவி ஜன்னல் மூலையிலிருந்து தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. அதே கச்சேரியைப் போட்டு போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"பாத்தியளே, என்ன தெளிவு. உங்கடை கடையளிலை இப்பிடி ஒண்டு கிடைக்குமே?"

"கிடைக்காது மச்சான்" என்றேன். உண்மையாகவே அவன்மேல் பாசம் பொங்கியது. எனக்கு வாய்த்த மாதிரியே ஒரு காது கனடாவிலும் இருக்கிறது.

மனைவி வாய் நிறைய குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. போனை வைத்ததும், ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து கனடாப் போர்ட் வந்த பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் சிரித்தார்.