மைக்கில் கேட்ட பெயர்

சங்கத் தலைவரே, எங்கள் வார்டு நோயாளியை அழவைத்தது நீங்கள்தான். ராயபுரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே மேடை போட்டு, "இந்த ஏரியா திருந்தணும்னா ஒரு ஹிட்லர் வரணும்" என்று மைக்கில் கத்தினீர்கள். கூட்டம் கைதட்டியது. நர்சான நானும் ட்ரிப்ஸ் மாட்டியபடியே சிரித்தேன்.

டெங்குவோடு படுத்திருந்த டச்சுக் கப்பல்காரருக்கு அந்தப் பெயர் மட்டும் புரிந்தது. என்ன பேச்சு என்று கேட்டார். சொன்னேன்.

அவர் கண்கலங்கிச் சொன்னார்: அவருடைய அப்பாவின் அத்தையும் நர்ஸ்தான், உலகப் போரின்போது அவர்கள் நாட்டில் ஒரு யூத ஆஸ்பத்திரியில். ஹிட்லரின் ஆட்கள் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இழுத்து, கொலை முகாமுக்குப் போகும் ரயிலில் ஏற்றினார்கள். நோயாளிகளை விட்டுப் போக மனமில்லாமல் அந்த அத்தையும் ஏறினார். யாரும் திரும்பவில்லை. அந்த ஆஸ்பத்திரியும் அத்தோடு முடிந்தது.

"இன்னாக்கா, ஊசிய அவ்ளோ வலிக்கவா குத்தின? ஆளு அழுவுறாரு" என்று ஆயா மேரி கிண்டலாகக் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"சீக்காளியா படுத்துகினு இருந்தவங்க இன்னாக்கா தப்பு பண்ணாங்க?"

தலைவரே, அதே மேடையில், அதே மைக்கில், மேரிக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.