இரண்டாம் தடவை வேறு மாதிரி

கோர்ட் குமாஸ்தாவாகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்பியவன்.

யுத்த காலம். திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஜேப்படி செய்து பிடிபட்ட அநாதைப் பையன் ஒருவன். அரக்கோணத்து ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் அவனை ஜாமீனில் எடுத்து, ஞாயிறுதோறும் மாதா கோவில் கொட்டகையில் அவனைப் போன்ற பையன்களோடு உட்காரவைத்து டிரம்பெட்டில் ஜாஸ் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். பையன் உருப்படியாகக் கற்றிருந்தால் அவரிடமே ஒப்படைப்பதாக மாஜிஸ்டிரேட் சொல்லியிருந்தார். இல்லையென்றால் சீர்திருத்தப் பள்ளி. விசாரணையன்று டிரைவருக்கு ராணுவ ரயிலில் டியூட்டி.

பையன் வாசித்தான். கோர்ட்டே அசந்தது.

"அதையே இன்னொரு தடவை வாசி," என்றார் மாஜிஸ்டிரேட்.

மெட்டு அதேதான். ஆனால் இந்தத் தடவை அதை எங்கெங்கோ வளைத்துக்கொண்டு போனான்.

"முதல்ல ஒண்ணு, இப்ப ஒண்ணா? வாய்க்கு வந்ததை ஊதுறான்." சாட்சி மாற்றிச் சொன்னால் பொய் என்று பழகியவர் அவர்.

"அப்படியே வாசிச்சிகினு இருந்தா மாஸ்டர் திட்டுவாருங்க."

அது உண்மை. கொட்டகைக்கு வேடிக்கை பார்க்கப் போன எனக்கே தெரியும். அதைச் சொல்ல எழுந்தேன்.

"நீர் சாட்சியா?" என்றார் மாஜிஸ்டிரேட்.

குமாஸ்தா சாட்சியில்லை. உட்கார்ந்தேன்.

மறுநாள் டிரைவர் கரி படிந்த சட்டையோடு வந்தார். பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டதைச் சொன்னேன்.

"ரெண்டாவது தடவை மாத்தி வாசிச்சானா?"

"ஆங்."

"அப்ப கத்துக்கினான்," என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்பீலுக்கு வழி இருக்கா மேன்?"

அவன் சார்பில் அப்பீல் செய்ய உறவுக்காரர் வேண்டும். அவனுக்கு யாருமில்லை. அந்த நடைமுறையை அவருக்குச் சொன்னேன்; அவர் மறுபடி கேட்டபோதும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னேன்.