எங்கள் வீடே ஏரி

கடலூரில் மழை பிடித்தால் எல்லார் வீட்டிலும் பஜ்ஜி போடுவார்கள். எங்கள் வீட்டில் கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைப்போம்.

மஞ்சக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது எங்கள் வாசல் தெருவைவிட இரண்டு படி உயரம். மேட்டில் பெய்யும் மழையெல்லாம் தெருவோடு ஓடி, கடைசியில் இருந்த ஓடையில் விழுந்து கெடிலம் ஆற்றுக்குப் போய்விடும். அந்த ஓடையைத்தான் தூர்த்து, பிளாட் போட்டு ஏப்பம் விட்டார்கள். ஓடை என்ன அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?

அதோடு விட்டார்களா? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று. தோசை மேல் தோசை அடுக்கியது போல ரோடு உயர்ந்தது, எங்கள் வீடு பள்ளமானது. புதிதாகக் கட்டியவர்கள் லாரி லாரியாகக் கிராவல் அடித்து மனையை மேடாக்கினார்கள். பழைய வீடுகளுக்கு ஜாக்கி வந்தது. சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடுகிறார்கள். ஒரு வீடு உயர்ந்தால் அதன் தண்ணீர் அடுத்த வீட்டுக்கு இறங்கும். இப்படி இறங்கி இறங்கி, தெரு முழுக்கப் பெய்த மழை எங்கள் கூடத்தில் குடியேறியது. கூடவே சாக்கடையும், ஒருமுறை ஒரு பாம்பும்.

ரோடு போட வந்த அதிகாரியை மறித்துக் கேட்டேன்.

"மேல மேல போட்டுக்கினே போனா தண்ணி எங்க சார் போவும்?"

அவர் செல்போனைப் பார்த்தபடியே, "எல்லாரும் தூக்கிட்டாங்களே, நீங்களும் தூக்கிடுங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டை அவர் உயர்த்துவாராம், வீட்டை நான் உயர்த்த வேண்டுமாம்! சாகும்வரை தூக்க மாட்டேன் என்று வீட்டில் வந்து கத்தினேன்.

போன மழையில் ஃப்ரிட்ஜ் மிதந்தது. வைராக்கியமும் அதோடு போயிற்று. என் மனைவியின் தம்பி, ஜாக்கி வைக்கிற மேஸ்திரியைக் கையோடு அழைத்து வந்துவிட்டான்.

"மூணடி தூக்கிடலாம் மாமா. அப்பறம் யாரு கையிலயும் கெஞ்ச வாணாம்."

மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு மண்சுவர் வீடு. இட்லி மாவு விற்கும் அக்கா ஒருத்தர் அதில் தனியாக இருக்கிறார். அந்தச் சுவருக்கு ஜாக்கி வைத்தால் சுவர் பெயர்ந்து கையோடு வந்துவிடும். தெருத் தண்ணீர் எங்கள் வீட்டோடு நின்றுவிடுவதால் இதுவரை அவர் வீட்டுக்குள் வந்ததில்லை. சத்தம் கேட்டு அவர் காம்பவுண்டு ஓரம் வந்தார்.

"வூட்டத் தூக்கறீங்களா தம்பி?"

"ஆமாக்கா."

"தூக்குங்க. எவ்ளோ நாளுக்குத்தான் நீங்களும் அவஸ்தப்படுவீங்க." பிறகு தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப தண்ணி எங்க தம்பி போவும்?"

நான் செல்போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.