வட்டத்தில் நின்ற இருபத்துமூன்று மரங்கள்

லண்டன் வால்தம்ஸ்டோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஐரிஷ்காரர், என்னைவிட நான்கு வயது இளையவர். அவர் வீட்டுச் சுவரில், ஊரில் அவருக்கிருந்த வயலைக் காட்டும் படம் ஒன்று தொங்கியது. வயலுக்கு நடுவே வட்டமான மண்மேடு. ஆயிரம் வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு குடும்பம் மாடுகளோடு உள்ளே குடியிருக்க எழுப்பிய அரண். அரசாங்கப் பாதுகாப்பில் இருப்பதால் அதில் மண்வெட்டி வைக்க எவருக்கும் உரிமையில்லை. வயலைத் தன் தம்பியிடம் விட்டு வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வட்டத்தைத் தொடாதே. மேட்டின்மேல் இருபத்துமூன்று முள்மரங்கள். தேநீர் குடிக்கப் போகும்போதெல்லாம் எண்ணியிருக்கிறேன்.

போன கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தம்பி ஊரிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். மூன்றாவது பியரோடு தன் புது டிராக்டரைக் காட்டப் போனை என்னிடம் நீட்டினார். டிராக்டருக்குப் பின்னால் அந்த மேடு. நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"பதினாலுதான் நிக்குது. மிச்சம் ஒன்பதும் எங்கை?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் போனைப் பறித்துப் பார்த்தார். "புல்டோசர் விட்டனியா?"

"மாட்டுக்கு இடம் வேணும். நீ லண்டனிலை இருந்து மண்ணைக் கும்பிடு."

முதல் அடி அண்ணனுடையது. தம்பியின் மூக்கெலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. தம்பி சுவர்ப்படத்தைக் கழற்றி, கண்ணாடியோடு அண்ணனின் வாயில் அறைந்தார். இடையில் போன எனக்கு முழங்கையால் ஓர் இடி. இரண்டு பற்கள் போயின. கீழே கிடந்த அண்ணனுக்கு விழுந்த உதைகளை ஏழுவரை எண்ணினேன். அதற்குள் என் மனைவி வீடு கூட்டும் தும்புத்தடியோடு ஓடிவந்து தம்பியின் முதுகில் விளாசினாள். அவர் சரிந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எண்ணாமல் இருக்க ஏலாதோ!" என்று என்னையும் ஏசினாள்.

அண்ணன் வாயில் துவாயை அழுத்திக்கொண்டு அயர்லாந்தின் தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார்.

"சொந்தத் தம்பியைக் காட்டிக் குடுக்கப்போறியா?"

"மிச்சமாவது நிக்கட்டும்."

கிழிந்த உதட்டோடு அவர் பேசியது மறுமுனைக்கு விளங்கவில்லை. போனை என்னிடம் தந்தார். ஒன்பது மரங்கள் போய்விட்டன, பதினான்கு நிற்கின்றன என்றேன்.

தரையிலிருந்து தம்பி இரத்தத்தைத் துப்பினார். "பன்னிரண்டு. ரெண்டை நேற்று விழுத்திப்போட்டுத்தான் வந்தனான்."

நான் திருத்திச் சொன்னேன்.