மேசைக்கடியில் ஓர் இடம்

இந்த ஊரில் யாரும் சொல்லாமல் யார் வீட்டுக்கும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் தேத்தண்ணி குடிக்க வருவதென்றால் முதல் கிழமையே தொலைபேசியில் நாள் குறிக்க வேண்டும். அதனால் லண்டன் மோர்டனில் என் வீட்டுக் கதவை யாராவது சும்மா தட்டினால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். வேறு என்ன வரும்? விருந்தாளி என்றால் சொல்லிவிட்டு வந்திருப்பார். கணவர் என்றால் கையில் திறப்பு இருக்கும், தானே பூட்டைத் திறந்து வருவார். ஆகவே வெளியே நிற்பது எங்களுக்கு வேண்டாத யாரோ.

தட்டும் சத்தம் கேட்டதும் நான் செய்வதெல்லாம் ஓர் ஒழுங்கில் நடக்கும். தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்துவேன். சட்டியில் ஏதும் பொரிந்துகொண்டிருந்தால் அடுப்பை அணைப்பேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் சாப்பாட்டு மேசைக்கடியில் இருத்தி, உதட்டில் விரலை வைத்துக் காட்டுவேன். பிறகு மேல்மாடிக்குப் போய்த் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிக் கீழே பார்ப்பேன். சில நாள் காஸ் மீற்றர் பார்க்க வந்தவன் நிற்பான். சில நாள் கையில் வேதப்புத்தகத்தோடு இரண்டு பெண்கள் நிற்பார்கள். அவர்கள் போகும்வரை வீட்டுக்குள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. கவினும் நிலாவும் இரண்டரை வயது இரட்டையர். சோறு என்றால் என்னை வீடு முழுக்க ஓடவைப்பார்கள். தலையில் தண்ணீர் வார்த்தால் தெருவுக்கே கேட்கக் கத்துவார்கள். கதவு தட்டினால் மட்டும் சொன்ன சொல் கேட்பார்கள். போகப் போக நான் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. தட்டியதும் தாங்களாகவே ஓடிப்போய்க் குந்திவிடுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஊரில் எங்கள் வீட்டுக்கு வெளியே ராணுவ வாகனம் வந்து நிற்கிற சத்தத்தை வைத்தே என் அம்மா ஆட்களின் எண்ணிக்கையைச் சொல்லுவார். சுற்றிவளைப்பு என்றால் ஊரையே பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொல்லுவார்கள். அங்கே முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருப்பான். வரிசையில் போகிறவர்களைப் பார்த்து அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைத் தனியாகக் கொண்டுபோவார்கள். அவனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் தலையாட்டி. என் கணவரின் தமையன் அப்படித்தான் போனார், ஒரு தலையாட்டலில். திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. ராணுவம் வந்து கதவைத் தட்டியபோது என் அண்ணை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தார். சின்னப் பெண்ணான நான் வாசலில் நின்று "அண்ணை இல்லை" என்று சொன்னேன். உள்ளே ஒரு சத்தமும் எழவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். அண்ணை இப்போது கனடாவில் பனி அள்ளிக்கொண்டு, தொலைபேசியில் எனக்குப் பகிடி சொல்லிக்கொண்டு இருக்கிறார். சத்தம் போடாமல் இருந்ததால்தான் அவர் இருக்கிறார். ஊரில் கற்ற எத்தனையோ விஷயங்கள் இங்கே உதவவில்லை. இது மட்டும் உதவும் என்று நினைத்தேன்.

2009 பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வன்னிச் சண்டைதான் ஓடியது. மற்றத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போட்டுச் சோறு தீத்துவார்கள். நான் செய்தியைப் பார்த்தபடியே தீத்தினேன். தொலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அப்படியான ஒரு நாளில்தான் கதவு தட்டியது. நான் மேலே போய்ப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பெரிய தோள்பையோடு ஒரு கறுப்பினப் பெண் நின்றாள். அட்டை தொங்கினால் உள்ளூராட்சிக் கவுன்சில், கவுன்சில் என்றால் விசாரணை என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. அவள் இரண்டு தரம் தட்டினாள். பிறகு குனிந்து, கதவில் கடிதம் போடுகிற ஓட்டையைத் திறந்து உள்ளே பார்த்தாள். அந்த ஓட்டைக்கு நேரே எங்கள் சாப்பாட்டு மேசை. "ஹலோ டார்லிங்ஸ்" என்று அவள் சொன்னது மேலே நின்ற எனக்குக் கேட்டது. பிள்ளைகளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்ப வருவதாக ஒரு துண்டில் எழுதிப் போட்டுவிட்டுப் போனாள். பெயர் க்ளோரியா, ஹெல்த் விசிட்டர்.

சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்க வீடு வீடாக வருகிற தாதிதான் ஹெல்த் விசிட்டர். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ரஞ்சினி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தது என் பிழை. அடுத்த தெருவில் இருக்கிற அவருக்கு லண்டனில் நடக்கிற எல்லாக் கெட்ட விஷயமும் தெரியும். "நேரம் சொல்லாமல் வந்தவளோ? அப்ப ஆரோ சொல்லியிருக்கினம். கவனம் பிள்ளை. சட்டன் ரவுணில ஒரு பெடிச்சியின்ர பிள்ளையளை இப்பிடித்தான் சோஷல் சேர்விஸ் தூக்கிக்கொண்டு போனது" என்றார். அந்தப் பெடிச்சியின் பெயர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, மச்சாளுக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவராம். ஆனால் அதற்குள் எனக்குச் சோறு இறங்காமல் போய்விட்டது. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பறிக்கிற அரசாங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இங்கே இருக்கிற எங்களுக்கு அந்தச் சிரிப்பு வராது.

யார் சொல்லியிருப்பார்கள்? நான் தெருவையே வரிசையில் நிறுத்திப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கவிதா சென்னைக்காரி, கணினி வேலை. அவளுக்கும் ஒரு சின்ன மகன். "உங்க ட்வின்ஸ் வெளிய விளையாடவே வர மாட்டேங்கறாங்களே, பார்க்குக்கு அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்று ஒருநாள் கேட்டிருந்தாள். என் பிள்ளைகளில் இவளுக்கென்ன இவ்வளவு அக்கறை என்று இப்போது தோன்றியது. ஆனால் பெரிய சந்தேகம் பக்கத்து வீட்டு மார்கரெட்டில்தான். வெள்ளைக்காரக் கிழவி, தனியாக இருக்கிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் காது. சில மாதங்களுக்கு முன் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது, "உன் பிள்ளைகள் எவ்வளவு அமைதி! சில நேரம் வீட்டில் இருக்கிறார்களா என்றே தெரிவதில்லை" என்றாள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. நான் மனம் நிறைந்து தாங்க் யூ சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் இப்போதுதான் விளங்கியதாக நினைத்தேன். அன்றிலிருந்து அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

க்ளோரியா திரும்ப வருவதாகச் சொன்ன நாளுக்காக நான் வீட்டை நாடகக் கொட்டகை ஆக்கினேன். நாங்கள் நாலு பேரும் நிலத்தில் மெத்தை போட்டு ஒன்றாகப் படுக்கிறவர்கள். அது தெரியக்கூடாது என்று மெத்தையை நிமிர்த்தி அலுமாரிக்குப் பின்னால் சாத்தினேன். உடுப்புக் குவித்து வைத்திருந்த இரண்டு தொட்டில் கட்டில்களையும் வெறுமையாக்கி, விரிப்பு விரித்து, தலைக்கு ஒரு பொம்மை வைத்தேன். கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் நின்றார். நான் ஓடித் திரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். க்ளோரியா வந்தாள். கதிரையைக் காட்டினேன், அவள் நிலத்தில் இருந்தாள். கட்டைகளை அடுக்கச் சொன்னாள், படம் காட்டிப் பெயர் கேட்டாள். பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்று கேட்டபோது நான் கட்டில்களைக் காட்டினேன். கவின் ஓடி வந்து, "அது உடுப்புக் கட்டில்!" என்றான். நல்லகாலம், தமிழில்தான் சொன்னான். பிறகு அவள் என்னைப் பார்த்து, "உனக்கு நித்திரை வருகிறதா?" என்று கேட்டாள். என் நித்திரையில் இவளுக்கு என்ன வேலை? நன்றாக வருகிறது என்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தட்டியது. கட்டைகள் சிதற, பிள்ளைகள் இரண்டு பேரும் மேசைக்கடியில் போய்க் குந்தினார்கள். விரல்கள் உதட்டில். நான் சிரிக்கப் பார்த்தேன்; விளையாட்டு, கேம், என்று ஏதோ சொன்னேன். அதற்குள் நிலா மேசைக்கடியிலிருந்து திரும்ப வெளியே வந்தாள். நிலத்தில் இருந்த க்ளோரியாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, கெதியா வா" என்றாள். அந்த மனுசி மட்டும் வெளியே மாட்டிக்கொண்டாளே என்று பிள்ளைக்குப் பதற்றம். கண்ணில் உண்மையான பயம் இருந்தது. நான் அந்தப் பயத்தை அதுவரை பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் நான் மேலே திரைச்சீலைக்குப் பின்னால் அல்லவா நின்றிருந்தேன். க்ளோரியா தன் பெரிய உடம்பை வளைத்து மேசைக்கடியில் போனாள். தானும் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு தணிந்த குரலில் என்னிடம் கேட்டாள்: "நாங்கள் யாருக்கு ஒளித்திருக்கிறோம்?"

என்னிடம் பதில் இருந்தது. அதை மோர்டனில், பட்டப்பகலில், இங்கிலீசில் சொல்ல முடியவில்லை. "நோபடி" என்றேன். கணவர் போய்க் கதவைத் திறந்தார். வெளியே மார்கரெட் நின்றாள். கவின் தெருவில் தவறவிட்ட கம்பளித் தொப்பியைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

க்ளோரியா யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பக்கத்து நேர்சரியில் காலை நேரத்துக்கு இடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். எனக்கும் பேசுவதற்கு ஒரு ஆள் இருந்தால் நல்லது என்றாள். அவள் போனதும் நான் கணவரிடம் சொன்னேன்: "தொப்பி ஒரு சாட்டு. உந்தக் கிழவிதான் சொல்லியிருக்கு. என்ன நடக்குது எண்டு பார்க்க வந்திருக்கு."

"அவ சொல்லேல்லை. நான்தான் டொக்டரிட்டச் சொன்னனான்" என்றார் அவர். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு ஒருநாள் திறப்பை விட்டிட்டுப் போயிட்டன். திரும்பி வந்து தட்டினன். மேல திரைச்சீலை ஆடினது. உந்த ஓட்டையால பார்த்தன், ரெண்டும் மேசைக்குக் கீழ. 'அப்பா வந்திருக்கிறன், வாங்கோ' எண்டன். அசையேல்லை. நிலா என்னைப் பார்த்துக்கொண்டே வாயில விரலை வைச்சவள். என்னை ஆரெண்டு நினைச்சாள், சொல்லும் பாப்பம்?"

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. நான் சிரித்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். அவர் அன்று சாப்பிடாமல் படுத்தார். வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன். ஆனால் இப்போது ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. "ஊரெல்லாம் தேடினன். தலையாட்டி என்ர வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு" என்று கத்தினேன். தமையனை ஒரு தலையாட்டலில் பறிகொடுத்த மனிதரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன். "காட்டிக் குடுக்கேல்லையப்பா. எனக்குப் பயமாய் இருந்தது. உம்மை நினைச்சும்தான்" என்று மட்டும் சொன்னார். அலுமாரிக்குப் பின்னால் இருந்த மெத்தையை எடுத்து வந்து, வழமையான இடத்தில் விரித்தார். பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்தார்கள். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன்.

மே மாதம் ஊரில் எல்லாம் முடிந்தது. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு இன்னும் வலுவில்லை. பிள்ளைகள் நேர்சரிக்குப் போகத் தொடங்கினார்கள். க்ளோரியா இடைக்கிடை வருகிறாள். வருவதற்கு முன் தொலைபேசி எடுக்கிறாள். அவளை நான் முழுதாக நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அவள் எழுதும்போது எட்டிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. கணவரோடு பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போது அவரிடம் திறப்பு இருந்தாலும், கதவைத் திறக்க முன் வெளியிலிருந்து பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். மார்கரெட்டுக்கு நான் வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பிள்ளைகள் இப்போது நல்ல சத்தம் என்று அவள் சொன்னாள். பாராட்டா முறைப்பாடா என்று தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

போன கிழமை திரும்பவும் கதவு தட்டியது. யாரும் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. நான் குசினியிலிருந்து ஈரக் கையோடு வெளியே வந்தேன். கவின் கதவடியில் நின்றான். நேர்சரியில் பழகிய இங்கிலீசில், "ஹூ இஸ் இற்?" என்று உரத்துக் கேட்டுக்கொண்டு, எட்டாத பூட்டுக்குத் துள்ளினான். நிலா மேசைக்கடியில் இருந்தாள். உதட்டில் விரல். கவினைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் வருவேன் என்று நினைத்து, கொஞ்சம் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டாள்.

வாசலைப் பார்த்து "கமிங்" என்றேன். மேசையைப் பார்த்து "இரும்மா, வாறன்" என்றேன். இரண்டு பக்கமும் வருவதாகச் சொல்லிவிட்டு, கையிலிருந்து தண்ணீர் சொட்ட, நடுவில் நின்றேன்.