உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டேன்

அன்று காலை கழிவறையிலிருந்து அத்தை என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம் இல்லை, வெட்கம் இருந்தது. "மல்லிகா, கொஞ்சம் வாயேன். எழுந்துக்க முடியல."

கதவு தாழிடப்படவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் தாழ்ப்பாள் போடுவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்றாவது இப்படி ஆகும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நாற்காலி உயரத்தில் இருக்கும் அந்தப் பீங்கான் கோப்பை, மாமியார் சிரமப்படக் கூடாதென்று என் கணவரிடம் சண்டை போட்டு நான் வைக்கச் சொன்னது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அத்தையின் கால்கள் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. மொத்த கனமும் என் கையில் இருந்தது.

பக்கவாதமாக இருக்குமோ என்று பயந்து, கார் வைத்துக்கொண்டு வேலூருக்குப் போனோம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருக்க, மடியில் துண்டு விரித்து இட்லி ஊட்டினேன். பக்கத்தில் காத்திருந்த ஓர் அம்மாள், "பெத்த பொண்ணு கூட இப்படி பாக்காதும்மா" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. அத்தையின் கைகளில் எந்தக் கோளாறும் இல்லை, இட்லியை அவரே பிட்டுச் சாப்பிட்டிருப்பார். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தலை ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் தகவல் ஓடும் வேகத்தை அளப்பது) எல்லாம் எடுத்தார்கள். எதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. மருத்துவர் அத்தையைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். அத்தை முன்னால் சாய்ந்தார், மறுபடியும் சாய்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்ல இவங்க என்ன வேலை செய்றாங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒரு வேலையும் விடறதில்ல சார். உக்கார வெச்சுதான் பாத்துக்கறோம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷமா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சார்கோபீனியா (தசை கரைந்து வலு குறைவது) என்றார். வயதானால் எல்லோருக்கும் தசை குறையும், சமநிலையும் (விழாமல் உடம்பை நிறுத்தும் திறன்) மந்தமாகும், உடம்புக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அது மெல்ல நடக்கும் என்று விளக்கினார். "இந்த வயசுல போறது ஜல்தியா போயிடும்மா. திரும்பி வர்றது மெதுவாதான். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

திரும்பி வரும்போது அத்தை காரில் தூங்கிவிட்டார். நான் அவர் தொடையைத் தொட்டுப் பார்த்தேன். புடவைக்குள் எலும்புதான் கையில் பட்டது.

எங்கள் வீடு ஆரணியில், சேவூர் போகும் பக்கம். கூடத்தில் இரண்டு பட்டுத் தறிகள் இருந்தன. ஒன்றில் என் கணவர், மற்றதில் அத்தை. இரண்டும் குழித்தறி. தரையில் தோண்டிய பள்ளத்துக்குள் கால்களை இறக்கி, விளிம்பில் உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். இழை அறுந்தால், டீ வந்தால், தெருவில் யாராவது கூப்பிட்டால் அத்தை எழுந்து வருவார். தரையில் கையை ஊன்றி, காலை மடக்கி மேலே போட்டு, முட்டி போட்டு நிமிர்வார். ஒரு நாளில் எத்தனை தடவை என்று யார் கணக்கு வைத்தார்கள்? அந்த ஏற்ற இறக்கம்தான் அவர் கால்களைக் காப்பாற்றிவந்தது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு முறை குளியலறையில் லேசாக வழுக்கினார். அடி ஒன்றுமில்லை. அந்த வாரம் ஒரு கல்யாணத்தில், என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. "இந்த வயசுல கிழவிய குழியில எறக்கி வேல வாங்கறாங்க. மருமவ நல்லா உக்காந்து துன்றா." எனக்கு முகம் எரிந்தது.

அடுத்த மாதமே அத்தையின் தறியைக் கழற்ற வைத்தேன். குழியின்மேல் கடப்பாக் கல் போட்டு மூடி, அதன்மேல் அவருக்குக் கட்டில் போட்டேன். துடைப்பத்தைப் பிடுங்கினேன், அரிவாள்மனையைப் பரண்மேல் வைத்தேன், சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுபோனேன். வழுக்கி விழுந்ததால் பயம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பயமும் இருந்தது. ஆனால் ஊர் வாயை அடைப்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"என்னிய சாமி செலயாட்டம் உக்கார வெச்சிட்ட. அபிஷேகந்தான் பாக்கி" என்று அத்தை சொல்வார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நான் சிரிப்பேன். வருகிறவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன்.

வேலூர் போய்வந்த பிறகு இயன்முறை மருத்துவர் (பயிற்சியால் அசைவை மீட்டுத் தருபவர்) வீட்டுக்கு வந்தார். இளம்பெண்தான், ஆனால் கறார். நாற்காலியில் தலையணைகளை அடுக்கி உயரமாக்கி, அதிலிருந்து அத்தையை எழச் சொன்னார். வழக்கம்போல நான் அக்குளில் கை வைத்தேன். அவருடைய முதல் உத்தரவு எனக்குத்தான் வந்தது.

"நீங்க கைய எடுங்க."

பிறகு ஒவ்வொரு தலையணையாக எடுக்க வேண்டும். தினம் முட்டையும் பருப்பும் தர வேண்டும். இதெல்லாம் சுலபம். கையை எடுப்பதுதான் எனக்கு முடியவில்லை. அத்தை மூச்சு வாங்கி, பாதி எழுந்து, மறுபடி தொப்பென்று உட்காரும்போது அடுக்களைக்குள் ஓடிவிடுவேன். யாரும் இல்லாத நேரத்தில் ஓரிரு முறை தூக்கியும் விட்டேன். அத்தைதான் கோபப்பட்டார்.

"நீ இப்படியே தூக்கிகினு இருந்தா, நான் ஒரேடியா படுத்துடுவேன் மல்லிகா. பரவாயில்லியா?"

அன்று அடுக்களையில் நின்று அழுதேன். இதைப் படிக்கிறவர்களில் வீட்டில் வயதானவர் ஒருவரை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அவர்கள் செருப்பை மாட்டத் தடுமாறும்போது குனிந்து நாமே மாட்டிவிடுவது எளிது. நேரமும் மிச்சம், நல்ல பேரும் வரும். நான் அப்படித்தான் அத்தையின் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன்.

தலையணைகள் எல்லாம் போய், வெறும் நாற்காலியிலிருந்து எழத் தொடங்கியபின் ஒருநாள் அத்தை என் கணவரிடம் சொன்னார். "டேய், கட்டில நகத்து. குழிய தொற."

"எதுக்கும்மா? விழுந்து கிழுந்து வெச்சா?"

"நெய்யறதுக்கு இல்லடா. ஏறி எறங்கத்தான். அது என் காலுக்குத் தெரிஞ்ச எடம்."

இயன்முறை மருத்துவர் குழியை எட்டிப் பார்த்தார், யோசித்தார். சுவரில் ஒரு பிடிகம்பி வைத்து, பக்கத்தில் ஆள் நின்றால் சரி என்றார். கடப்பாக் கல்லை நெம்பி எடுத்தோம். உள்ளே ஒட்டடையும் காய்ந்த பூரான் ஒன்றும் கிடந்தன. நானே இறங்கித் துடைத்தேன்.

போன வாரம் எதிர்வீட்டு வள்ளி உறை மோர் கேட்டு வந்தாள். அத்தை குழிக்குள்ளிருந்து ஒரு காலை மேலே போட்டுவிட்டு, மற்ற காலுக்காக முக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான், பின்னால் கை கட்டிக்கொண்டு.

"இன்னாக்கா இது! பெரியம்மா இப்படி பேஜார் படறாங்க, நீ பாத்துகினு நிக்கிற?"

எந்தப் பேச்சுக்குப் பயந்து குழியை மூடினேனோ, அதே பேச்சு. முகம் அதே மாதிரி எரிந்தது. கட்டிய கைகள் தாமாகப் பிரிந்தன. அத்தை தலையைத் தூக்காமலே சொன்னார். "அவ நிக்கட்டும்டி. நீ மோர எடுத்துகினு போ."

கம்பியைப் பிடித்து, முட்டி போட்டு, அவர் எழுந்தார். வெகு நேரம் ஆனது. முன்பு ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் மூன்று தடவை ஏறி இறங்கியவர். இடது கால் இன்னும் இழுக்கிறது, தெருமுனைவரை போகக் கோல் வேண்டும். அவர் இனி நெய்யப் போவதில்லை. அந்த இரண்டு வருடங்களை என்னால் திருப்பித் தர முடியாது.

எழுந்து நின்றதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "நீ தரையில உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். "இப்ப எழுந்துரு."

எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. முட்டியில் கையை ஊன்றித்தான் எழுகிறேன் என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

"கைய எடு" என்றார் அத்தை.

எடுத்தேன். பாதியில் தொடை நடுங்கியது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், தூக்க வரவில்லை.